அயலூர்கள்

ஹிர்ஸ்லோ, வைடன்பாக், ஊண்டர்பூல், க்ரூண்டன். நாலே நாலு ஊர். நாலு ஊரின் பெயரை மண்டையில் வைத்திருக்க முடியாத அளவுக்கு நகுலேஸ்வரி மக்குமில்லை, வயதும் அப்படியொன்றும் போய்விடவில்லை. பரந்தனில் படிக்கிற காலத்தில் இலங்கையில் ஓடுகிற ஆறுகளையெல்லாம் மகாவலியில் தொடங்கி மூச்சு விடாமல் ஒப்புவித்து ரீச்சரிடம் நல்ல பெயர் வாங்கியவள்தான். அந்த ஆறுகளில் ஒன்றைத்தானும் அவள் அப்போது கண்ணால் கண்டதில்லை. காணாததை ஒப்புவிப்பது லேசு. கண்டதுதான் தொண்டையில் வந்து நிற்கிறது. அயனைப் புருஷனின் வேலைச் சட்டைக் கொலரில் வைத்து அழுத்தினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பி முகத்தில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமையில் இந்த நாட்டில் ஒரு பெண் நிம்மதியாகச் செய்யக்கூடிய வேலை இது ஒன்றுதான். உடுப்புத் தோய்க்கக் கூடாது, போத்தல்களைக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, பல்கனியில் நின்று உரத்துத் தும்மினாலே கீழ்வீட்டு மனுசி நிமிர்ந்து பார்க்கும். அயன் சத்தம் போடாது. அதனால் அயன் பிடிக்கலாம். அயன் பிடித்துக்கொண்டே சுவிஸ்காரியும் ஆகலாம், அந்த நாலு ஊரும் ஒழுங்காக வந்து நின்றால்.

அவள் புருஷன் விமலநாதன் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, ஊர்ச்சபைக்காரர் அச்சடித்துக் கொடுத்த கையேட்டை முழங்காலில் விரித்து வைத்திருந்தான். பிரஜாவுரிமை கேட்கிறவர்கள் நாட்டை அறிந்தால் மட்டும் போதாது, தாங்கள் குப்பை போடுகிற ஊரையும் அறிந்திருக்க வேண்டும் என்பது இந்த ஊர்ச்சபையின் கட்சி. நாட்டுக்கு இருபத்தாறு மாநிலம், ஏழு மந்திரிமார் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. லெங்கன்மாட் என்கிற இந்தச் சின்ன ஊர்தான் உயிரை வாங்குகிறது. ஊரின் வாய்க்காலுக்கு என்ன பெயர், கொடியில் நிற்கிற மரம் என்ன மரம், மேட்டில் இருக்கிற தேவாலயம் யாருடைய பெயரில் இருக்கிறது, ஊர் எந்த வருஷம் தீப்பிடித்து எரிந்தது. எரிந்த வருஷத்தைப் பாடமாக்கச் சொல்கிறார்கள். ஒரே ஒரு தரம் எரிந்த ஊர் போலிருக்கிறது, பாவம், அதனால்தான் வருஷம் நினைவிருக்கிறது. "எங்க பாக்கிறீர்? இஞ்ச கவனியும்" என்றான் விமலநாதன். "அயலூர்களைச் சொல்லும். மணிக்கூட்டு முள்ளுப் போற பக்கமாச் சொல்லோணும், அதுதான் ஒழுங்கு." அவள் சட்டையைப் புரட்டினாள். "ஹிர்ஸ்லோ" என்றாள். "ம்." "வைடன்பாக்." "ம், பிறகு?" பிறகு. வைடன்பாக்குக்குப் பிறகு என்ன. நாக்கு ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது, அவள்தான் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். வை என்று தொடங்கினால் வி வருகிறது. வி வந்தால் அங்கே இலங்கையில் கிடக்கிற விசுவமடு வருகிறது. "பொறுங்கோவன், ஏன் அவசரப்படுத்திறியள்" என்று அயனைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள்.

போன வருஷம் அப்படித்தான் ஆனது. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் அவள், நடுவில் ஒரு கிளாஸ் தண்ணீர். கெட்ட மனிதர்கள் என்று சொல்ல வாய் வராது. கம்பளிச் சட்டை போட்ட மனுசி ஒருத்தி, ஆறுதலாகச் சொல்லுங்கள், நேரம் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அந்தச் சிரிப்பை நம்பி அவளும் தொடங்கினாள். ஹிர்ஸ்லோ, வைடன்பாக், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம். வாய் தானாகப் போனது, இறக்கத்தில் விட்ட சைக்கிள் மாதிரி. பிழையென்று தெரிந்து நிறுத்தவில்லை. அடுத்த ஊர் வரப்போகிறதென்று தெரிந்துதான் நிறுத்தினாள். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர், அவர் பரம்பரை விவசாயியாம், தனக்குத் தெரியாத ஏதோ தோட்டம் துரவுகளின் பெயராக்கும் என்று நினைத்து, எழும்பிப் போய்ச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் விரலை வைத்துத் தேடத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் தேடினார். விசுவமடுவை லெங்கன்மாட்டின் பக்கத்தில் தேடிய ஒரே வெள்ளைக்காரன் உலகத்தில் அவராகத்தான் இருக்கும். கடைசியில், உள்ளூர் அறிவு போதாது, ஒரு வருஷம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். விமலநாதன் அதே மேசையில் அதே கேள்விக்கு டக்கென்று பதில் சொல்லிப் பாஸ்போட்டை வாங்கி வைத்திருந்தான். பிறந்தநாள் கொண்டாட்டம் ஒன்றில் ஆட்களுக்கு நடுவில், "என்ர மனுசி விசுவமடுவைக் கொண்டுவந்து சுவிசுக்குள்ள வச்சிட்டா" என்று கதையாகச் சொன்னான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் கூடத்தான் சிரித்தாள், வேறென்ன செய்ய.

அவளுக்கு அதில் விளங்காத விஷயம், ஊர்கள் எப்படி ஒரு ஊரைச் சுற்றி வட்டமாக நிற்கும் என்பதுதான். இவர்களுக்கு நிற்கிறது. நடுவில் லெங்கன்மாட், சுற்றிவர நாலு ஊர், நாலும் எழும்பி எங்கேயும் போகாமல் முந்நூறு நானூறு வருஷமாக அப்படியே இருக்கின்றன. அவளுக்கு ஊர்கள் வரிசையில்தான் வரும், சண்டைக்குப் பயந்து ஓடிய வரிசையில், அதுவும் ஒரே திசையில். பரந்தன், முரசுமோட்டை, தர்மபுரம், விசுவமடு. ஒவ்வொரு ஊரிலும் படங்குக் கூடாரம் கட்டி, அடுப்பு மூட்டி, இனி இங்கேதான் என்று நினைத்த கையோடு அடுத்த ஊர். வரவரச் சாமான் குறையும். முரசுமோட்டையில் தையல் மெசின் போனது, தர்மபுரத்தில் சைக்கிள், உடையார்கட்டில் அரிசிச் சாக்கு. வயிறு மட்டும் குறையவில்லை, பிறகு அதுவும் குறைந்து, கையில் ஒரு பிள்ளை இருந்தது. சுதந்திரபுரத்தில் அந்தப் பெயரை வைத்து, கூட ஓடிவந்த மாமி ஒரு பகிடி விட்டா. என்ன பகிடி அது? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மாமி சிரித்தது வருகிறது, முன்பல் இல்லாத வாய் வருகிறது, பகிடி வருகிறதில்லை. தேவிபுரம். அதற்கு அடுத்தது இரணைப்பாலை. "க்ரூண்டன்" என்றாள் சத்தமாக. "ஊண்டர்பூலை விழுங்கிப் போட்டீரே" என்றான் விமலநாதன். "திருப்பி முதலில இருந்து."

முதலில் இருந்து. முதலில் இருந்தென்றால் எங்கே இருந்து. வருகிற வியாழக்கிழமை அந்த ஐந்து பேருக்கும் முன்னால் போய் இருக்க வேண்டும். இந்தத் தரமும் தவறினால் இன்னும் எத்தனை வருஷமோ. அவள் கையில் இருக்கிற அகதிப் பயணப் புத்தகத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், ஒரு நாட்டைத் தவிர. அந்த ஒரு நாட்டுக்குத்தான் போகவேண்டும். சுவிஸ்காரியாகாமல் இலங்கைக்குப் போக ஏலாது என்பது கேட்கிறவனுக்குப் பகிடியாகத்தான் இருக்கும். ஏன் சுவிஸ் பிரஜையாக விரும்புகிறீர்கள் என்று அந்தக் கம்பளிச் சட்டை மனுசி கேட்டால் என்ன சொல்வாள்? இரணைப்பாலையில் சவிரிமுத்து அண்ணை என்கிறவரின் வீட்டு வளவுக்குப் போக விரும்புகிறேன் என்றா? அதில் வீடு கட்டப் பிரதேச சபைக்காரர் படத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டார்களாம். அவருடைய மகளுக்குச் சீதனமாக ஒரு வீடு, ஆவணியில் கலியாணம். வளவு இத்தனை வருஷமும் பற்றை மண்டித்தான் கிடந்தது. சவிரிமுத்துவும் குடும்பமும் மன்னாரில் மனைவியின் ஆட்களோடு இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறார்கள். மச்சாள்காரி ஒருத்தி அங்கே இங்கே விசாரித்து அவருடைய போன் நம்பரை எடுத்துக் கொடுத்தாள். நல்ல மனிதர். முதல் நாளே, விஷயத்தைக் கேட்டதும், "தங்கச்சி, எந்த மூலை எண்டு மட்டும் சொல்லுங்கோ, அந்த மூலையை விட்டிட்டு வீட்டைக் கட்டுறன்" என்றார். அவள் கேட்பதும் அவ்வளவுதான். எடுத்துக்கொண்டு போகக் கேட்கவில்லை, கல்லறை கட்டக் கேட்கவில்லை. பிள்ளைக்கு மேல் ஒரு குசினியோ கக்கூசோ வந்துவிடக் கூடாது. அதற்கு மேல் யாரும் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. ஊண்டர்பூல். ஊண்டர்பூல். ஊண்டர் என்றால் கீழ். கீழே.

"சரி, அதை விடும், அடுத்ததுக்குப் போவம்" என்று விமலநாதன் தாளைப் புரட்டினான். "ஆபத்து நேரத்தில லெங்கன்மாட் சனத்துக்கு எங்க இடம் ஒதுக்கி இருக்கு?" இந்தக் கேள்விக்கு ஒரு நாளும் அவள் தடுமாறியதில்லை. கையேட்டில் அதற்கு நீளமாக ஒரு டொச்சு, அதாவது ஜேர்மன் சொல் போட்டிருக்கிறது, பாதுகாப்பறை என்று அர்த்தம். ஆனால் ஊர்ச்சனம் சொல்வது பங்கர். டொச்சில் அவளுக்கு வந்த அன்றைக்கே தெரிந்திருந்த ஒரே சொல் அதுதான். விமானத்தால் இறங்கி இந்த வீட்டுக்கு வந்த முதல் கிழமை, வீட்டைக் கவனிக்கிற கிழவன் நிலவறைக்குக் கூட்டிப்போய், ஒரு முழத் தடிப்பில் சீமெந்துக் கதவு ஒன்றைத் திறந்து காட்டி, பெருமையோடு "புங்கர்" என்றான். அவள் படியிலேயே இருந்துவிட்டாள். உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு, மின்குமிழ், காற்று வர மெசின், அடுக்குக் கட்டில்கள். ஒருவரும் ஒரு நாளும் அதற்குள் ஒளிந்ததில்லையாம். சனம் அதற்குள் பனிச்சறுக்குச் சாமானும் வைன் போத்தலும் பழைய தொட்டிலும் வைத்திருக்கிறது. ஊரில் இருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு இடம், அதுதான் சரியான பதில். அவர்களுடைய வீட்டு அரிசி மூட்டையும் அங்கேதான் இருக்கிறது. அரிசி முடிந்தால் மகள் ஆரபிதான் இறங்கிப் போவாள், நகுலேஸ்வரி இன்றுவரை அந்தப் படிக்குக் கீழே கால் வைத்ததில்லை. முழங்கால் நோவு என்று சொல்லி வைத்திருக்கிறாள். விமலநாதனும் நம்புகிறான். அவனும் வந்த புதிதில் அகதிகளை வைத்திருந்த ஒரு பங்கருக்குள் மாதக்கணக்கில் கிடந்தவன்தான். அவனுக்குப் பங்கர் என்றால் குறட்டைச் சத்தமும் சப்பாத்து நாற்றமும். "ஒவ்வொருத்தருக்கும் ஒரு இடம்" என்று டொச்சில் சொன்னாள். "அச்சாப்பிள்ளை" என்றான் விமலநாதன்.

இரணைப்பாலையில் அந்த வளவுக்குள் இருந்த பங்கரில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு இடம் இருக்கவில்லை. தென்னங்குற்றியும் மண்மூட்டையும் போட்டு மூடிய குழி. நாலு பேருக்கென்று வெட்டியதற்குள் அயலட்டையில் இருந்த சனமெல்லாம் முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தது. காலையில் தொடங்கிய ஷெல் நிற்கவில்லை. பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், பால் குடிக்க வாய் வைக்கும், உறிஞ்ச மாட்டாது. அவளிடமும் உறிஞ்ச ஒன்றும் இருக்கவில்லை. வெயில் உச்சிக்கு வந்த நேரம் பிள்ளையின் வாய் முலைக்காம்பில் இருந்து தானாக விலகியது. அது நித்திரையில் விலகுகிற மாதிரி இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, பெற்றவளுக்குத் தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடி, ஆட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தாள். சொன்னால் யாராவது, பிள்ளையை வெளியில வை தங்கச்சி, இருக்கிற ஆக்களுக்கு மூச்சு விட இடமில்லை என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கும். அந்த நியாயத்தைக் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை. பக்கத்தில் மாமி. மாமி ஒரு நேரத்தில் கையை நீட்டிப் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டா. பொழுதுபடும் வரைக்கும் இரண்டு பெண்கள், ஒன்றும் நடக்காத மாதிரி. அயனின் கீழே துணி கருகி மணந்தது. கை நின்றுபோயிருந்தது. சட்டென்று தூக்கினாள், சட்டை முதுகில் மெல்லிய மஞ்சள் அடையாளம். விமலநாதன் பார்க்கவில்லை. மடித்து உள்ளே தள்ளினாள்.

ஷெல் ஓய்ந்த சின்ன இடைவெளியில் மாமியும் அவளும்தான் தோண்டினார்கள், அகப்பையாலும் கையாலும். பங்கர் வாசலில் நின்று கிழக்கே பார்த்தால் கிணறு. கிணற்றுக் கட்டுக்கும், ஷெல் பட்டுத் தலை போன மொட்டைப் பனைக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டில் பனைப் பக்கமாக. மேலே உடைந்த ஆட்டுக்கல்லில் பாதியைப் புரட்டி வைத்தார்கள், நாய் கிளறாமல் இருக்க. கிணறு, பனை, ஆட்டுக்கல். இதை மட்டும் அவள் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை, ஏனென்றால் ஒருவருக்கும் சொன்னதே இல்லை. மாமி அங்கிருந்து மாத்தளனுக்குப் போய், மாத்தளனில் போய்விட்டா. மிச்சம் இவள் ஒருத்தி. போன மாதம் சவிரிமுத்து அண்ணை வீடியோவில் போனைப் பிடித்துக்கொண்டு வளவுக்குள் நடந்து காட்டினார். பற்றை, ஈச்சை, மறுபடியும் பற்றை. கமராவுக்குக் கிழக்கும் மேற்கும் ஒன்றுதான். திடீரென்று ஓரத்தில் அந்த மொட்டைப் பனை வந்தது, கறுத்துப்போய், அப்படியே நின்றுகொண்டு. அவள் போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள். "ஏதும் அடையாளம் தெரியுதே தங்கச்சி?" என்று அவர் கேட்டார். இல்லை அண்ணை, நேரில வந்து கால் வச்சால்தான் தெரியும் என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? பனையைச் சொன்னால் கிணற்றைச் சொல்லவேண்டும், கிணற்றைச் சொன்னால் கல்லைச் சொல்லவேண்டும், கல்லைச் சொன்னால் கல்லைப் புரட்டிப் பார்ப்பார்கள். உதவி செய்கிறோம் என்று மண்வெட்டியோடு யாராவது இறங்குவார்கள். தான் இல்லாத நேரத்தில் பிள்ளையை யாரோ வெளியில் எடுத்து வெயிலில் வைப்பார்கள். அதை நினைக்கவே உடம்பு கூசியது. தன் கையால் மூடியதைத் தன் கையால்தான் திறக்கவேண்டும், திறக்கக்கூடத் தேவையில்லை, பக்கத்தில் போய் இருந்தால் போதும். அந்த மூன்றையும் பூட்டி வைத்துக்கொண்டாள்.

"நகுலா, உம்மோடதான். எத்தினை பிள்ளையள் எண்டும் கேப்பினம், அது சும்மா தொடக்கத்தில கேக்கிற கேள்வி. பயப்பிடாமல் சொல்லும்" என்றான் விமலநாதன், கண்ணைக் கையேட்டில் வைத்துக்கொண்டே. "ஒண்டு எண்டு" என்றாள் அவள். "ஓம்" என்றான் அவன். சொல்லிவிட்டுக் கையேட்டின் அதே தாளைத் திருப்பியும் புரட்டினான். அவன் மூத்ததைக் கண்டதில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே கொழும்பில் பொலிசார் பிடித்து அடித்து விட்டதில் உயிர் தப்பினால் போதுமென்று ஓடி வந்தவன். பிறந்த செய்தியும் இல்லாமல் போன செய்தியும் அவனுக்கு ஒரே தொலைபேசியில்தான் போய்ச் சேர்ந்தன, அதுவும் எல்லாம் முடிந்து இவள் முகாமுக்கு வந்த பிறகு. ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்டான். பெண் என்றாள். அன்றைக்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆரம்பத்தில் அவளுக்கு அது பெரிய கோபமாக இருந்தது. பாஸ்போட் கிடைத்தும் அவன் அங்கே ஒரு தரம் போய்ப் பார்க்கவில்லை என்பதிலும் கோபம்தான். சில நேரம், பார்க்காதவனுக்கு என்ன வலி என்று வாயில் வந்துவிடும், விழுங்கிவிடுவாள். அயன் பிடித்த சட்டையை உதறிக் கொழுவியில் போட்டாள். உள்ளறையில் இருந்து ஆரபி எட்டிப் பார்த்து, "அம்மா, ஊண்டர்பூல் இல்லை, பூஹ்ல். மூச்சு விடுற மாதிரி ஹ் வரோணும். நீங்க சொல்லுறது டொச்சில சேத்துக் குட்டை மாதிரிக் கேக்குது" என்றுவிட்டுக் கதவைச் சாத்தினாள். விமலநாதன் சிரித்தான். பதின்மூன்று வயதில் அவளுக்குத் தமிழிலும் டொச்சிலும் ஒரே அளவு வாய். பூஹ்ல். மூச்சு விடுகிற மாதிரி. மூச்சு விடு, நகுலேஸ்வரி.

விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, ஊர்களை ஓடுகிற பாதையில் வைக்காமல், மேசையில் நாலு பேர் சாப்பிட இருக்கிற மாதிரி இருத்திப் பார்த்தாள். தலைமாட்டில் ஹிர்ஸ்லோ. வலக்கைப் பக்கம் வைடன்பாக், எழும்பாதே, இரு. கீழே ஊண்டர்பூஹ்ல். இடக்கைப் பக்கம் க்ரூண்டன். ஒருவரும் எழும்பிப் போகவில்லை. "ஹிர்ஸ்லோ, வைடன்பாக், ஊண்டர்பூஹ்ல், க்ரூண்டன்" என்றாள். விமலநாதன் நிமிர்ந்தான். "திருப்பிச் சொல்லும்." சொன்னாள். "மற்றப் பக்கமாச் சொல்லும்." அதுவும் வந்தது. அவன் கையேட்டால் முழங்காலில் அடித்து, "இனி உம்மை ஒருத்தரும் அசைக்கேலாது" என்றான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மெய்யான சந்தோஷம், மறைப்பானேன், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு உடம்பு லேசானது. வியாழக்கிழமை சொல்லிவிடுவாள். பிறகு கொஞ்ச மாதம், பிறகு அந்தச் சிவப்புப் பாஸ்போட், பிறகு விமானம், பஸ், ஒழுங்கை. கிணற்றைப் பிடித்துக்கொண்டு பனையைப் பார்த்து நடப்பாள். ஒருவரிடமும் வழி கேட்கத் தேவையில்லை. தேத்தண்ணி போடவா என்று கேட்க வாயெடுத்தபோது அயன் மேசையில் கிடந்த அவளுடைய போன் சிணுங்கியது. "சவிரிமுத்து அண்ணைதான், குரலில அனுப்பியிருக்கிறார்" என்று விமலநாதன் எட்டி எடுத்து அழுத்திவிட்டான்.

"வணக்கம் தங்கச்சி, நான் சவிரிமுத்து அண்ணை கதைக்கிறன்" என்றது போன். பின்னால் எங்கோ சேவல் ஒன்று கத்தியது. "சுகமா இருக்கிறியளே? உங்கட சோதினை இந்தக் கிழமைதானே, மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தி இருக்கிறம். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. கலியாணத்தைத் தைக்குத் தள்ளிப் போட்டாச்சு. மாப்பிளை பகுதி நல்ல ஆக்கள், விஷயத்தைச் சொன்னன், விளங்கிக் கொண்டினம். நீங்க ஆறுதலா வாங்கோ. நீங்க வந்து இந்தப் பற்றைக்குள்ள பாம்பு பூச்சிக்குள்ள நிண்டு அந்தரப்படக் கூடாது எண்டுதான், நேற்று டோசர் பிடிச்சு வளவு முழுக்கத் துப்பரவாக்கிப் போட்டன். அந்தப் பட்ட பனையையும் விழுத்தியாச்சு, அது ஆரின்ரையேனும் தலையில விழுந்திருக்கும். பழைய கிணறும் ஆபத்துத்தானே, தூர்த்தாச்சு. கல்லு முள்ளு எல்லாம் டிரக்டரில ஏத்தி அனுப்பிட்டன். இப்ப பாத்தியள் எண்டால் பந்து விளையாடலாம், அவ்வளவு சமம். இனி உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை, வந்து இடத்தைக் காட்டினாச் சரி. படமும் அனுப்பி இருக்கிறன். மாதா துணை இருப்பா."

சேவல் இன்னொரு தரம் கத்தி, குரல் நின்றது. அவள் அயனைக் கையில் பிடித்தபடியே நின்றாள். ஆவி தானாகப் புஸ்ஸென்று வந்து அடங்கியது. நல்ல மனிதர். எவ்வளவு நல்ல மனிதர். மகளின் கலியாணத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறார், அவர் எப்படிக் கெட்டவராக இருக்க முடியும். ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பனைக்குக் காவல் வைத்திருப்பார். ஒரு சொல். பனை என்ற ஒரு சொல், குழந்தைப்பிள்ளை சொல்கிற சொல். "பாத்தீரே, இப்பிடியும் மனுசர் இருக்கினம்" என்றான் விமலநாதன். படத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். சிவந்த மண், ஒரே மட்டமாக, டோசர்ச் சக்கரத்தின் வரிகளோடு, வேலிக்கரை வரைக்கும். ஒரு புல்லில்லை, ஒரு நிழலில்லை. அவர்கள் இருந்த பங்கர்ப் பள்ளங்கூட நிரவப்பட்டுப் போயிருந்தது. "நானும் வரட்டே?" என்றான். அவள் விளங்காமல் பார்த்தாள். "நீர் போகேக்க. நானும் வாறன். நான் இவ்வளவு நாளும்... நான் தனியப் போய் என்னத்தைப் பாக்கிறது, எனக்கு இடம் தெரியாதுதானே. அதுதான் போகேல்ல." சொல்லிவிட்டு எழும்பி வந்து, போனை அவளுக்கு முன்னால் அயன் மேசையில் வைத்தான். விரல் பட்டுப் படம் ஒரு தரம் சின்னதாகிப் பெருத்தது. "எந்த இடம் எண்டு இதில காட்டும்" என்றான். "நான் ஒருக்காப் பாக்கிறன்."

அவள் படத்தைப் பார்த்தாள். கிணறு எந்தப் பக்கம்? சூரியன் எங்கே? சவிரிமுத்து அண்ணை எந்த மூலையில் நின்று எடுத்தார், வாசலிலா, பின் வேலியிலா? சிவந்த மண் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. கண்ணால் அந்த மண்ணை ஒரு தரம் சுற்றினாள், இன்னொரு தரம் சுற்றினாள். அவன் பக்கத்தில் நின்றான், இத்தனை வருஷமும் ஒரு கேள்வி கேட்காத மனிதன். தெரியாது என்று சொல்ல வேண்டும். தெரியாது என்பது டொச்சிலும் தமிழிலும் அவளுக்கு நன்றாகப் பழகிய சொல்தான். அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்த பிறகு அது வரவில்லை. விரலை நீட்டி, நடுவுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாக, சக்கர வரி இரண்டுக்கு இடையில் வைத்தாள்.

"இஞ்சயோ?" என்றான்.

"ஓம்" என்றாள். "இஞ்சதான்."

விமலநாதன் குனிந்து, அவள் விரல் எடுத்த இடத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெருப்பித்தான். மண்தான் பெருத்தது. போன் மங்கி அணையப் போகும் ஒவ்வொரு தரமும் அந்த இடத்தை மெல்லத் தொட்டு, தொட்டு, அணையாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.